யார் உண்மையான கிறித்தவர்? தலித்திடம் மட்டும் கேட்கப்படும் கேள்வி

இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த மருத்துவர் ஒருவரின் சாதிச் சான்றிதழ் 2013ஆம் ஆண்டில் ரத்து செய்யப்பட்டது. அவர் பிறப்பால் இந்து பள்ளர். மணந்தது ஒரு கிறித்தவரை. அவருடைய மருத்துவமனைச் சுவரில் சிலுவை தொங்கியதும், கணவருடன் அவர் ஆலயத்திற்குச் சென்று வந்ததும் அவர் கிறித்தவராகிவிட்டார் என்பதற்குச் சான்றுகளாக எடுத்துக்கொள்ளப்பட்டன. எட்டு ஆண்டுகள் கழித்து, 2021 அக்டோபரில், சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி சஞ்சிப் பானர்ஜி தலைமையிலான அமர்வு அந்த ஆணையை நீக்கிச் சான்றிதழை மீட்டுக் கொடுத்தது. கணவரின் சமயத்தை மதிப்பதாலேயே ஒருவர் தம் சமயத்தைக் கைவிட்டவர் ஆகமாட்டார் என்பது தீர்ப்பின் சாரம். அதிகாரிகளின் குறுகிய மனப்பான்மையையும் நீதிமன்றம் கண்டித்தது.

அதே சிலுவை ஒரு நாடார் மருத்துவரின் சுவரிலோ வேளாள மருத்துவரின் சுவரிலோ தொங்கியிருந்தால் எந்த அலுவலகத்திலும் ஒரு கோப்பும் திறக்கப்பட்டிருக்காது. ‘நீ உண்மையான கிறித்தவனா?’ என்ற கேள்வியை இந்திய அரசு ஏறத்தாழ தலித்துகளிடம் மட்டுமே கேட்கிறது. கேட்பது இறையியலாளர் அல்லர்; கிராம நிர்வாக அலுவலரும் வட்டாட்சியரும் விழிப்புக் குழுவும். விடையைப் பொறுத்து ஒருவரின் வேலையும் கல்வியும் தேர்தல் வெற்றியும், தாக்கப்பட்டால் கிடைக்க வேண்டிய சட்டப் பாதுகாப்பும் நிற்கின்றன அல்லது பறிபோகின்றன.

இதன் வேர் 1950 ஆகஸ்ட் 10 அன்று பிறப்பிக்கப்பட்ட அரசமைப்புச் சட்ட (பட்டியல் சாதிகள்) ஆணை. அதன் மூன்றாம் பத்தி, இந்து சமயத்தைத் தவிர வேறு சமயத்தைப் பின்பற்றுவதாக வெளிப்படுத்திக்கொள்ளும் எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரும் இசுலாமியரும் இன்றும் வெளியே நிற்கின்றனர். தலித் கிறித்தவர்கள் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 10ஐக் கறுப்பு நாளாகக் கடைப்பிடிப்பது இதனால்தான். பழங்குடிகள் பட்டியலுக்கு இத்தகைய சமய வரம்பு எதுவும் இல்லை என்பதையும் மாணவர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். பழங்குடி ஒருவர் சமயம் மாறினாலும் பழங்குடியாகவே பட்டியலில் நீடிக்கிறார்.

மூன்றாம் பத்தியை ஆதரிப்போர் முன்வைக்கும் வாதம் எளிமையானது. கிறித்தவத்தில் சாதி இல்லை. உண்மையான கிறித்தவர் சாதியை விட்டவர். சாதியை விட்டவருக்குச் சாதியின் பெயரால் உரிமை எதற்கு? பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தைத் துணைக்கு அழைப்பவர்களும் உண்டு. கேட்பதற்கு ஒழுங்காகத் தோன்றும் இந்த வாதம், ஒரு கட்டளையை நடப்புச் செய்தியாக மாற்றிவிடுகிறது. கிறித்தவருக்குள் வேறுபாடு இருக்கக் கூடாது என்பது கட்டளை. வேறுபாடு இல்லை என்பது வேறொரு கூற்று. அதற்குத் தனிச் சான்று வேண்டும். நம் அரசமைப்பின் 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்துவிட்டதாகவே அறிவிக்கிறது. அதைப் படித்துவிட்டு, ‘ஆகவே இந்தியாவில் தீண்டாமை இல்லை, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தேவையில்லை’ என்று எந்த நீதிபதியாவது தீர்ப்பெழுதுவாரா? சட்டநூலின் வாசகத்தை அப்படிப் படிக்க மறுப்பவர்கள், வேதாகமத்தின் வாசகத்தை மட்டும் ஏன் அப்படிப் படிக்கிறார்கள்?

சீக்கியமும் பௌத்தமும் கோட்பாட்டளவில் சாதியை மறுப்பவைதாம். அவ்வாறிருந்தும் அச்சமயங்களைத் தழுவிய தலித்துகள் மீது சாதி தொடர்கிறது என்பதை நாடாளுமன்றம் ஏற்றுச் சட்டத்தைத் திருத்தியது. அது சரியான முடிவு. ஆனால் அந்த முடிவுக்குப் பிறகு, ‘கோட்பாட்டில் சாதி இல்லாத சமயம்’ என்ற காரணம் கிறித்தவருக்கு எதிராக மட்டும் எப்படி உயிரோடிருக்க முடியும்?

சாதியும் விசுவாசமும் ஒன்றாக இருக்க முடியுமா என்று தமிழ்க் கிறித்தவர்கள் தமக்குள்ளேயே இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக வாதிட்டு வருகின்றனர். தரங்கம்பாடி லுத்தரன் மிஷனரிகள் ஆலயத்திற்குள் சாதிவாரியாகத் தனித்தனியே அமர்வதைப் பொறுத்துக்கொண்டனர். பின்னர் வந்த இளம் மிஷனரிகள் அதை நீக்க முற்பட்டபோது, தஞ்சையின் புகழ்பெற்ற கிறித்தவப் புலவர் வேதநாயக சாஸ்திரியார் அந்த வேறுபாடுகளைத் தற்காத்து எழுதினார். அவருடைய வாதம், சாதி என்பது உலகியல் ஒழுங்கு, விசுவாசத்தோடு அதற்குப் பகையில்லை என்ற போக்கிலானது. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் நேரெதிராக, சாதியை முற்றாகவும் உடனடியாகவும் கைவிட்டாக வேண்டும் என்று தென்னகச் சபைகளுக்குச் சுற்றுமடல் அனுப்பினார். அதன் விளைவாகத் தஞ்சையிலும் வேப்பேரியிலும் வேளாளக் கிறித்தவர் பலர் சபையை விட்டு வெளியேறினர். சாதியா, சபையா என்ற தேர்வு வந்தபோது சாதியைத் தேர்ந்துகொண்டவர்கள் அவர்கள். அவர்களின் கிறித்தவத்தை எந்த அரசும் ஐயுற்றதில்லை.

திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் கத்தோலிக்க ஆலயமே சாதிக்கேற்பக் கட்டப்பட்டது. பீடத்தில் வந்து இணையும் இரண்டு தனி நடைகள், ஒன்றில் வேளாளர், மற்றொன்றில் நாடாரும் பிறரும், இடையே சுவர். 1910இல் காசனல் அடிகளார் அந்தச் சுவரை இடித்தார். வேளாளர் தரப்பு நீதிமன்றம் சென்றது. ஆலயத்திற்குள் சாதியின் பேரால் தனியிடம் கோரிய அந்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்று தோற்றது. சுவரை இடித்த துணிவைப் பாராட்ட வேண்டும். எனினும் வாதிகள் தங்களைச் சாதியாராகவும் கத்தோலிக்கராகவும் ஒரே மனுவில் அறிவித்துக்கொள்ள எந்தக் கூச்சமும் கொள்ளவில்லை என்பதே நம் பொருளுக்கு முக்கியமானது.

பழங்கதை என்று ஒதுக்க இயலாது. அன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் எறையூரில், பாகுபாட்டிலிருந்து விடுபடத் தனிப் பங்கு கேட்டுத் தலித் கத்தோலிக்கர் போராடினர். 2008 மார்ச்சில் அவர்களுக்கும் வன்னியக் கத்தோலிக்கருக்கும் இடையே வன்முறை வெடித்தது. காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். மோதிய இரு தரப்பினரும் திருமுழுக்குப் பெற்றவர்கள். திருச்சி மேலப்புதூரில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தையே இரண்டாகப் பிரித்து நிற்கும் சுவர், இறந்தவரையும் சாதி விடுவதில்லை என்பதற்குச் சாட்சி. 2003 நவம்பரில் தம்மைச் சந்தித்த தமிழக ஆயர்களிடம் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசினார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, நாட்டின் 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கரில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்று குறிப்பிட்டது. திருச்சபைத் தலைமையில் அவர்களின் இடம் மிகச் சிறியது என்பதையும் ஒப்புக்கொண்டது. ‘எங்களுக்குள் சாதி இருக்கிறது’ என்று திருச்சபையே வாக்குமூலம் அளித்த பிறகும், ‘இல்லை, உங்களுக்குள் சாதி இல்லை’ என்று அடம்பிடிப்பது மதச்சார்பற்ற அரசு! இதைவிட விந்தையான இறையியல் விவாதம் உலகில் வேறெங்கும் நடப்பதாகத் தெரியவில்லை.

அரசுக்கு இது தெரியாமலும் இல்லை. தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலைப் புரட்டிப் பாருங்கள். நாடார் என்ற பதிவிலேயே கிறித்தவ நாடாரும் அடங்குவர். கடலோரச் சமூகங்களின் பதிவுகளிலும் கிறித்தவர் சேர்க்கப்பட்டுள்ளனர். அதாவது, அவர்கள் சமயம் மாறினாலும் சாதி மாறவில்லை என்பதை அரசாணையே ஏற்கிறது. அதே பட்டியலில் தலித் கிறித்தவருக்கு இருப்பது ‘பட்டியல் சாதியிலிருந்து கிறித்தவத்திற்கு மாறியோர்’ என்ற பதிவு. மாறி எத்தனை தலைமுறை ஆனாலும் அது பொருந்தும். கொள்ளுப் பாட்டன் மாறியிருந்தாலும் கொள்ளுப் பேரன் ‘மாறியவன்’தான். அவனுடைய சாதியை அரசு மறந்துவிடவில்லை. தலைமுறை தலைமுறையாக நினைவில் வைத்திருந்து, அந்த நினைவைக் கொண்டே அவனைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்துகிறது.

நீதிமன்றங்கள் இதை எப்படிக் கையாண்டுள்ளன? நாக்பூர் சட்டமன்றத் தொகுதி தொடர்பான பஞ்சாப்ராவ் எதிர் மேஷ்ராம் வழக்கில், சமயத்தைப் ‘பின்பற்றுவதாக வெளிப்படுத்துதல்’ என்பது அச்சமயத்தில் சேர்ந்துவிட்டதைப் பலரறிய அறிவிப்பதே என்று உச்ச நீதிமன்றம் பொருள் கண்டது. பௌத்தத்தைத் தழுவியதாக அறிவித்திருந்த மேஷ்ராம் அதனால் தனித்தொகுதியை இழந்தார். அம்பேத்கர் 1956இல் அதே நாக்பூரில் தீட்சை பெற்றதையொட்டி எழுந்த அலையின் சட்ட விலை அது. 1990க்குப் பிறகு அதே நிலையில் உள்ள ஒருவர் எதையும் இழக்கமாட்டார். இடையில் பௌத்தக் கோட்பாடு மாறவில்லை. ஆணையின் ஒரு சொல் மாறியது.

கோலார் தங்கவயல் தனித்தொகுதி பற்றிய ஆறுமுகம் எதிர் ராஜகோபால் வழக்கில் 1975ஆம் ஆண்டுத் தீர்ப்பு இன்னும் ஒரு படி முன்னே சென்றது. சமயம் மாறினால் சாதி போய்விடும் என்பதை எல்லா நேர்வுக்கும் பொருந்தும் விதியாகக் கொள்ள முடியாது. தென்னிந்தியாவில் ஒரே சாதிக்குள் இரு சமயத்தாரும் இருப்பதுண்டு. அது அந்தச் சாதியின் அமைப்பைப் பொறுத்தது என்றது நீதிமன்றம். நம் ஊர் நடப்பை அறிந்த தீர்ப்பு அது.

பத்தாண்டுகளுக்குப் பின் வந்தது சூசை வழக்கு. சென்னைச் சாலையோரத்தில் செருப்புத் தைத்துப் பிழைத்தவர் அவர். அவரைப் போன்ற தொழிலாளருக்கு அரசு இலவசப் பெட்டிக்கடைகள் வழங்கியது. ஆதிதிராவிடரிலிருந்து கிறித்தவரான சூசைக்கு மட்டும் இல்லை. அதே நடைபாதை, அதே தோல், அதே ஊசி. பக்கத்தில் அமர்ந்திருப்பவருக்குக் கடை, இவருக்கு வெயில். 1985 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அவருடைய மனுவைத் தள்ளுபடி செய்தது. மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது. இந்துவாக இருந்தபோது அனுபவித்த அதே கொடுமை, அதே கடுமையுடன் புதிய சமயச் சூழலிலும் தொடர்கிறது என்பதற்கு ஆதாரபூர்வமான ஆய்வு வேண்டும் என்றது. நடைபாதையில் அமர்ந்திருக்கும் ஒருவர் நாடு தழுவிய சமூகவியல் ஆய்வைக் கையோடு கொண்டுவர வேண்டுமாம்! அத்தகைய சுமை சீக்கியர் மீதோ பௌத்தர் மீதோ தனிமனிதராக ஏற்றப்பட்டதில்லை.

சரி, ஆய்வு வந்ததா? வந்தது. மூன்றாம் பத்தியை நீக்கி, பட்டியல் சாதித் தகுதியைச் சமயத்திலிருந்து பிரித்துவிட வேண்டும் என்று நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. 2004இல் தொடங்கிய பொதுநல வழக்கு உச்ச நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டிருக்க, ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையத்தை அமைத்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றமும் ஒன்றிய அரசை வலியுறுத்தித் தீர்மானம் நிறைவேற்றியது.

இந்தக் காத்திருப்பின் நடுவே தனிமனிதர் மீதான விசாரணைகள் கூர்மையடைந்துள்ளன. 2024 நவம்பர் 26 அன்று, அரசமைப்பு நாளில், புதுச்சேரிப் பெண் ஒருவரின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. தந்தை வள்ளுவர் சமூகத்தில் பிறந்தவர், தாய் கிறித்தவர். குழந்தைப் பருவத்தில் அவருக்குத் திருமுழுக்கு நடந்திருந்தது. தாம் இந்து என்று அவர் சொன்னார். அவர் தொடர்ந்து ஆலயம் செல்லும் கிறித்தவர் என்றும், இந்து சமயத்திற்குத் திரும்பியதைக் காட்டும் வெளிப்படையான செயல் எதுவும் மெய்ப்பிக்கப்படவில்லை என்றும் நீதிமன்றம் முடிவு செய்தது. மெய்யான நம்பிக்கையின்றி இடஒதுக்கீட்டுக்காக மட்டும் மாறுவது அரசமைப்பின் மீதான மோசடி என்ற கடுஞ்சொல்லும் தீர்ப்பில் இடம்பெற்றது.

இத்தீர்ப்பில் இரண்டு இடங்களில் மாறுபட வேண்டியுள்ளது. முதலாவது, திருமுழுக்கு. கத்தோலிக்கத் திருச்சபையின் கோட்பாட்டில் அது அழியாத முத்திரை. ஆனால் சட்டம் கேட்பது முத்திரையை அன்று, அறிவிப்பை. பேச்சு வராத குழந்தை எதையும் பலரறிய அறிவிக்க முடியாது. திருச்சபையின் அகக் கோட்பாட்டை அரசு கடன் வாங்கி, அதைக் குடியுரிமைச் சான்றாக மாற்றுவது 25ஆம் உறுப்பின் மனச்சான்று உரிமைக்குப் பொருந்தாது. இரண்டாவது, ‘மோசடி’ என்ற சொல். விசுவாசத்தை அறிவித்தால் சான்றிதழ் பறிபோகும் என்ற விலையை நிர்ணயித்தது அரசு. விலையைச் செலுத்த இயலாதவர் மௌனம் காத்தால், மோசடி செய்தவர் அவர் ஆகிறார். ஒரு சமயத்தில் நிலைக்க ஆதாயம் வழங்கி, மற்றொன்றுக்குச் செல்ல அபராதம் விதிக்கும் ஆணையின் உள்நோக்கத்தை யார் விசாரிப்பது?

திரும்பி வருபவருக்கோ பாதை சற்று அகலம். 2015ஆம் ஆண்டின் கே.பி. மனு வழக்கில், தாத்தா காலத்தில் கிறித்தவமான புலையர் குடும்பத்தில் பிறந்தவர் இந்துவாக மாறியபின் தம் சாதியைப் பெறலாம் என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. மூதாதையரின் சாதிக்குச் சான்று, மறுமாற்றத்திற்குச் சான்று, அச்சமூகத்தின் ஏற்பு ஆகிய மூன்றும் வேண்டும். தனிப்பட்ட முறையில் அவருக்குக் கிடைத்த நீதி வரவேற்கத்தக்கது. ஆனால் அத்தீர்ப்பு சொல்லாமல் சொல்லும் செய்தி வேறு: இரண்டு தலைமுறைக் கிறித்தவ வாழ்வுக்குப் பிறகும் அவருடைய சாதி எங்கும் போய்விடவில்லை, காத்துக்கொண்டிருந்தது. கிறித்தவத்தில் சாதி கரைந்துவிடும் என்றால், திரும்பியவுடன் அது எங்கிருந்து வந்தது?

தேவிகுளம் வழக்கு இவ்விசாரணை எவ்வளவு தூரம் செல்லும் என்பதைக் காட்டியது. தமிழ்த் தோட்டத் தொழிலாளர் மரபில் வந்த சட்டமன்ற உறுப்பினர் அ. ராஜாவின் தேர்தலைக் கேரள உயர் நீதிமன்றம் 2023இல் ரத்து செய்தபோது, தென்னிந்தியத் திருச்சபையின் பதிவேடுகள் முதல் அவருடைய திருமணப் படங்கள் வரை ஆராயப்பட்டன. 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அவருடைய தேர்தல் செல்லும் என்றது. மணமகன் அணிந்த உடையைக் கொண்டு அவருடைய கடவுளைக் கண்டுபிடிக்க முயலும் நிலைக்கு ஒரு மக்கள் பிரதிநிதியே ஆளாக வேண்டியிருந்தால், முதல் தலைமுறைக் கல்லூரி மாணவி என்ன செய்வாள்?

2025இல் ஆந்திர உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இன்னும் கவலைக்குரியது. சாதியைச் சொல்லி இழிவுபடுத்தித் தாக்கியதாகப் புகார் கொடுத்தவர் ஒரு போதகர். கிறித்தவராகிவிட்டவர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பைக் கோர முடியாது என்று கூறி வழக்கு ரத்து செய்யப்பட்டது. தாக்குபவன் ஞானஸ்நானச் சான்றைப் பார்த்துவிட்டுக் கையோங்குவதில்லை. அவன் பார்வையில் சேரியும் சாதியும் மட்டுமே உள்ளன.

நம் தரப்பிலிருந்தே எழும் ஒரு தயக்கத்திற்கும் விடை சொல்ல வேண்டும். தலித் கிறித்தவர் சேர்ந்தால் இருப்பவரின் பங்கு குறையும், மிஷன் பள்ளிகளில் படித்தவர்கள் எல்லா இடங்களையும் எடுத்துக்கொள்வர் என்ற அச்சம் பல தோழர்களிடம் உண்டு. அதைச் சிறுமையானது என்று ஒதுக்குவது நேர்மையாகாது. மக்கள்தொகைக்கேற்பப் பட்டியல் சாதி ஒதுக்கீட்டின் அளவை உயர்த்தாமல் ஆட்களை மட்டும் சேர்ப்பது அநீதிதான். இரு கோரிக்கைகளும் சேர்ந்தே எழுப்பப்பட வேண்டும். பட்டியலுக்குள் உள்ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்த பிறகு, பங்கீட்டைச் சீராக்கும் வழியும் திறந்துள்ளது. பங்கு குறையும் என்ற கணக்கு வேறு. ‘நீ தலித்தே இல்லை’ என்ற மறுப்பு வேறு.

திருச்சபைகளிடமும் ஒரு கேள்வி உண்டு. ‘விசுவாசத்தை மறைக்காதீர்கள், பதிவேட்டில் கிறித்தவர் என்றே எழுதுங்கள்’ என்று பீடத்திலிருந்து சொல்வது எளிது. அதை எழுதியதால் வேலை இழந்தவருக்குச் சபை தன் கல்லூரியில் ஒரு பணியிடம் தருமா? சாட்சியாக வாழச் சொல்பவர்கள், சாட்சியின் செலவில் பங்கேற்கிறார்களா? சாதிச் சான்றிதழுக்காக இந்து என்று எழுதிக்கொண்ட ஏழையைப் ‘பெயர்க் கிறித்தவன்’ என்று பழிக்கும் மேடைகளில், கல்லறைச் சுவரைக் காத்து நிற்பவரை அப்படிப் பழித்து நான் கேட்டதில்லை.

விசாரணை அறிவிப்பு கையில் வந்திருக்கும் மாணவர்களுக்குச் சில செய்திகள். பெயர் சமயம் ஆகாது. மேரி, அந்தோணி, ஆரோக்கியம் என்ற பெயர்கள் இந்துக் குடும்பங்களிலும் உண்டு. சுவரில் படம் இருப்பதோ வேளாங்கண்ணிக்குச் சென்று வருவதோ மட்டும் சமய மாற்றத்தை மெய்ப்பிக்காது. 2021ஆம் ஆண்டுச் சென்னைத் தீர்ப்பு இதற்கு உதவும். சான்றிதழை ரத்து செய்யுமுன் உரிய குழு விசாரித்து, காரணங் கேட்கும் அறிவிப்பு தந்து, விளக்கத்தைப் பெற வேண்டும் என்பதற்கு 1994ஆம் ஆண்டின் மாதுரி பாட்டீல் தீர்ப்பு அடிப்படை. விசாரணை அறிக்கையின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். அதைப் படிக்காமல் எந்த வாக்குமூலத்திலும் கையெழுத்திடாதீர்கள். உண்மைக்கு மாறாக எதையும் எழுதிக்கொடுக்கவும் வேண்டாம். பின்னாளில் அதுவே உங்களுக்கு எதிராக வந்து நிற்கும். கிறித்தவராக வாழ்பவர் எனில், பிற்படுத்தப்பட்டோர் பட்டியலின் கீழ்த் தற்போது கிடைக்கும் உரிமையைக் கேட்டுப் பெறுங்கள். பட்டியல் சாதி உரிமைக்கான வழக்கில் மனுதாரராகச் சேர விரும்புவோர், ஊரிலும் ஆலயத்திலும் கல்லறையிலும் தாம் சந்திக்கும் பாகுபாட்டைத் தேதி, இடம், சாட்சியுடன் எழுதி வைக்கத் தொடங்குங்கள். சூசையிடம் நீதிமன்றம் கேட்டது அந்தச் சான்றைத்தான்.